துகள் எண்ணிக்கை

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
தூசியை உள்ளே விடாமல் இருப்பது.
தலைமுதல் கால்வரை வெள்ளை உறை,
கண் மட்டும் வெளியே.
பவுடர் கூடாது, பொட்டு கூடாது,
ஒரு முடி உதிர்ந்தால் ஒரு தட்டு சிப்பும் குப்பை.
மூச்சைக்கூட முகமூடிக்குள் மடித்து வைக்கவேண்டும்,
பன்னிரண்டு மணி நேரம்.

விடிந்ததும் தொழிற்சாலை பஸ்ஸில் ரெலாவ் வந்து
பதினான்கு மாடி ஏறி
முழங்கைவரை மண்ணுக்குள் கையை விடுகிறேன்.

கண்ணாடிப் பெட்டி, இரண்டடி உயரம்.
அடியில் சுட்ட களிமண் உருண்டைகள், தண்ணீர் இறங்கி நிற்க.
மேலே கொசுவலைத் துண்டு.
அதன்மேல் தேங்காய் நார்த்தூள், மணல்,
மிஞ்சியதென்று சாத்தே கடை ரம்லி தந்த கரி.
குர்னி கடலோரம் பொறுக்கிய கெத்தாப்பாங் இலைகளை
ரசம் வைக்கும் சட்டியில் கொதிக்கவிட்டேன்.
ஒரு வாரம்
ரசத்திலும் காடு மணந்தது.

“சுவரில் நாலு பல்லி வாடகை இல்லாமல் இருக்கு.
அஞ்சாவதுக்கு முந்நூறு ரிங்கிட்டா?”
என்றார் குணாளன்.
நியாயமான கேள்வி.
பசை காயும்வரை
மரப்பட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன் அவரை.
நாற்பது நிமிடம். அசையவில்லை, பாவம்.

பிறகு உயிர்கள்.
புலாவ் திக்குஸ் சந்தைக்குப் பின்னால்
கூ பெங் ஹுவாட் தயிர் டப்பாவில் விற்றார்:
மரப்பேன் இருபது, தொட்டால் உருண்டுகொள்ளும்.
வால்தெறிப்பான் எத்தனை என்று அவருக்கே தெரியாது;
கரிமேல் வெள்ளை மிளகுத்தூள் தூவியதுபோல்,
ஊதினால் துள்ளுகிறது தூள்.
“பல்லியை இப்போ கேட்காதே.
ஒரு மாசம் கழிச்சு வா.”

பல்லி இல்லாத பல்லி வீட்டுக்குக்
காலையும் மாலையும்
தண்ணீர் தெளித்தேன், விளக்குப் போட்டேன்.
எதிர்வீட்டு வூய் லிங் எட்டிப் பார்த்து
சாமி எங்கே என்றாள்.

பதினோராம் நாள் பூஞ்சை.
இலைமேல் வெள்ளைப் பஞ்சு,
பட்டைமேல் சாம்பல் மயிர்.
உடம்பெல்லாம் சைரன் அடிக்க
ஆல்கஹால் துணியை எடுத்துவிட்டேன்.
மூலையிலிருந்து மூலைக்கு, ஒரே திசையில்,
போன இடத்தில் திரும்பத் தேய்க்காமல்:
ஒன்பது வருடம் கை பழகிய துடைப்பு.
மூடியைத் திறந்தேன்.
முகத்தில் மூச்சு விட்டது மண்.

துடைக்கவில்லை.
ஏனென்று கேட்டால் தெரியாது.
துணி கையிலேயே காய்ந்தது.

பதினாறாம் நாள், ஓய்வு இரவு,
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
பஞ்சுக்கு நடுவே மிளகுத்தூள் நகர்கிறது.
மேய்கிறது.
மேய்ந்த இடத்தில் இலை, கறுப்பாய், ஈரமாய்.
குணாளனை எழுப்பினேன்.
“என்ன, பல்லியா?”
“இல்லை. அதுக்குக் குப்பை அள்ளுறவங்க.”
மூக்குக்கண்ணாடி இல்லாமல் வந்து குனிந்தார்.
ஒன்றும் தெரியலையே என்றார்.
ஆனால் போய்ப் படுக்கவில்லை.

பல்லி வந்தது ஒரு சனிக்கிழமை,
துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில்.
இமை கிடையாது, இமைமுடிபோல் முள்வரிசை மட்டும்.
நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டது,
ஒரே திசையில்.
பாய்ந்தது இலைக்குள்.
அவ்வளவுதான், மூன்று வாரமாகக் காணோம்.
எச்சம் மட்டும் கண்ணாடியில்,
அதுவும் மண்ணில் விழுந்தால் இரண்டு நாளில் இல்லை.

வெக்கை தாங்காதாம். அறை ஏர்கோனை
அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்.
எங்களுக்கு வேர்க்கிறது.
சுவர்ப்பல்லி ஒன்று பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டி
உள்ளே பார்த்து உச்சுக்கொட்டுகிறது.
பலன் பஞ்சாங்கத்தில் இருக்கும்,
திசை மட்டும் தெரிந்தால்.

திங்கள் இரவு.
காற்றுக்குளியல் அறையில் கைதூக்கிச் சுற்றினேன்.
மூன்று முறை தேய்த்தும் போகாமல்
நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு,
இரண்டு கையுறைக்கு உள்ளே.
துகள்மானி பூஜ்யம் காட்டியது.
இருக்கட்டும் என்று
உள்ளே போனேன்.